கருமணலும் புகையும் நீர்மமும்

டைட்டானியம் டெட்ராகுளோரைடு பற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல் கறுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தார் அதைக் கருமணல் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையை அறையும்போது எடை குறைந்த வெண்மணல் தண்ணீரோடு போய்விடுகிறது. கனமான தாதுத் துகள்கள் கரையிலேயே படிகின்றன. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மோனசைட்டைத் தேடி மணலை அள்ளியவர்களுக்கு அதன் பெரும்பகுதியான கறுப்புத் துகள் வேண்டாத பொருளாக இருந்தது.

அந்தக் கறுப்புத் துகள்தான் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பின்னிக் கிடக்கும் தாது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டை ஆக்சைடை வெள்ளை நிறமியாகச் செய்யத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1920களில் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தையில் அதற்கு முதலிடம் கிடைத்தது. ஆனால் மணலாகப் போனதே தவிர, வேறு எதுவாகவும் போகவில்லை. வேண்டிய வேதியியல் எல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தது. 1946இல் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுவே.

மணலுக்கும் உலோகத்துக்கும் நடுவே, மணலுக்கும் பெயின்டுக்கும் நடுவே, ஒரு நீர்மம் இருக்கிறது. கடைகளில் அது விற்பதில்லை; தொழிற்சாலைக்கு வெளியே யாரும் அதைப் பார்ப்பதும் அரிது. இந்த உரை அந்த நீர்மத்தைப் பற்றியது. அதன் முழுப்பெயர் டைட்டானியம் டெட்ராகுளோரைடு. ஒரு டைட்டானியம் அணு, அதைச் சுற்றி நான்கு குளோரின் அணுக்கள். இடைநிலை உலோகங்களின் ஹாலைடுகளில் இதைவிட உழைக்கும் சேர்மம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஏன் இப்படி ஒரு சுற்றுவழி? இரும்பைப் போல நேரே கரியோடு சேர்த்து உருக்கினால் ஆகாதா?

ஆகாது. டைட்டானியம் ஆக்சிஜனை எளிதில் விடுவதில்லை. கரியைச் சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கினால் உலோகம் பிறப்பதற்குப் பதில் டைட்டானியம் கார்பைடு என்ற கடினப் பொருள் பிறக்கிறது. காற்று பட்டால் நைட்ரஜனையும் விழுங்கிக்கொள்கிறது. அப்படி விழுங்கிய உலோகம் நொறுங்கும். தகடாக அடிக்க வராது. ஆக்சைடைத் தூய்மைப்படுத்தலாம் என்றால் அது 1,800 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் உருகாத திடப்பொருள். அதைக் காய்ச்சி வடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கேதான் குளோரின் உள்ளே வருகிறது. ஆக்சிஜனை விலக்கி அந்த இடத்தில் குளோரினை அமர்த்திவிட்டால், அசையாத அந்தத் திடப்பொருள் 136 டிகிரியில் கொதிக்கும் நீர்மமாகிவிடுகிறது. கொதிக்கும் பொருளைக் காய்ச்சி வடிக்கலாம். காய்ச்சி வடிக்க முடிந்ததை எந்த அளவுக்கும் தூய்மையாக்கலாம். டைட்டானியத் தொழிலின் அடித்தளமே இந்த ஒரு மாற்றம்தான்.

இந்த மாற்றத்தையும் குளோரின் தனியாகச் செய்துவிட முடியாது. சூடான டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் குளோரினை மட்டும் செலுத்தினால் வினை முன்னேறாது. ஆக்சிஜனின் பிடி அவ்வளவு வலுவானது. கூடவே கரி இருந்தால் கதை வேறு. விடுபடும் ஆக்சிஜனைக் கரி பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகவோ கார்பன் டை ஆக்சைடாகவோ வெளியே கொண்டுபோய்விடும். கரியும் குளோரினும் இரு பக்கமும் இழுக்க, ஆக்சைடு குளோரைடாக மாறுகிறது. இந்த உத்தி புதிதன்று. டென்மார்க்கின் அயர்ஸ்டெட் 1825இல் அலுமினியம் குளோரைடைச் செய்தது இதே வழியில்தான்.

ஆய்வகத்தில் இதைச் செய்வோர் டைட்டானியம் டை ஆக்சைடு தூளையும் மரக்கரித் தூளையும் ஸ்டார்ச் பசையில் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கிக் காயவைப்பார்கள். பிறகு காற்றுப்படாமல் சூடாக்கி, மிஞ்சிய ஈரத்தையும் ஓட்டுவார்கள். ஈரம் துளியும் கூடாது என்பதே இந்த வேலையின் முதல் விதியும் கடைசி விதியும். உருண்டைகளை நீண்ட குழாயில் நிரப்பிச் செஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, கந்தக அமிலத்தின் வழியாகச் செலுத்தி உலர்த்திய குளோரினை மெல்ல அனுப்ப வேண்டும். குழாயின் மறுமுனையில் குளிரூட்டிய குடுவையில் மஞ்சளாக நீர்மம் சொட்டும். கண்ணாடி மூடி போட்ட புட்டியில் அதை வைத்தால் சில நாளில் மூடி திறக்க வராது. உள்ளே புகுந்த ஈரம் மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே டைட்டானியம் டை ஆக்சைடைப் படியவைத்து இறுக்கிவிடும். ஆகவே கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வாயை உருக்கி அடைத்துவைப்பதே நல்லது. எல்லாம் புகைபோக்கி அறைக்குள்தான். தொடக்க நிலை மாணவர்கள் கையில் கொடுக்கும் சோதனை அல்ல இது.

தொழிற்சாலையில் அளவு மாறுகிறது, வேதியியல் மாறுவதில்லை. கேரளத்தின் கொல்லம் மாவட்டம் சவராவில், மாநில அரசின் கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம் 1984 முதல் குளோரைடு முறையில் நிறமி தயாரிக்கிறது. சவரா இல்மனைட்டில் சுமார் 60 விழுக்காடு டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் சுமார் 55. மீதியில் பெரும்பங்கு இரும்பு ஆக்சைடு. இதை அப்படியே குளோரினுக்குக் கொடுத்தால் இரும்பும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் முதலில் இல்மனைட்டை வறுத்து, அழுத்தத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இரும்பைக் கரைத்து எடுக்கிறார்கள். மிஞ்சுவது 90 விழுக்காட்டுக்கு மேல் டைட்டானியம் டை ஆக்சைடு கொண்ட செயற்கை ரூட்டைல்.

ரூட்டைலும் பெட்ரோலியம் கோக்கும் உயரமான உலைக்குள் போகின்றன. அடியிலிருந்து குளோரின் பாய்கிறது. வாயுவின் வேகத்தில் திடத் துகள்கள் மிதந்து, கொதிக்கும் கஞ்சியைப் போலப் புரண்டுகொண்டிருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 1,000 டிகிரி. வெளிவரும் ஆவியில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு மட்டும் இருப்பதில்லை. தாதுவில் இருந்த மற்றவற்றில் பலவும் குளோரைடாகிக் கூட வருகின்றன. ஆவியைப் படிப்படியாகக் குளிர்வித்தால் 300 டிகிரிக்கு மேல் ஆவியாகும் இரும்புக் குளோரைடு முதலில் திடமாகி விழும். கடைசியில் நீர்மமாவது நம் பொருள். தொழிலாளர்கள் நாவில் அதன் பெயர் சுருங்கி ‘டிக்கிள்’ ஆகிவிட்டது.

இந்தக் கச்சா நீர்மத்தில் இன்னும் அந்நியர்கள் உண்டு. 58 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும் சிலிக்கன் டெட்ராகுளோரைடும், 114 டிகிரியில் கொதிக்கும் வெள்ளீயக் குளோரைடும் காய்ச்சி வடிக்கும்போது முன்னதாகவே பிரிந்துவிடும். உண்மையான தொல்லை வனேடியம். அதன் ஆக்சிகுளோரைடு 127 டிகிரியில் கொதிக்கிறது. டைட்டானியம் டெட்ராகுளோரைடுக்கும் அதற்கும் ஒன்பது டிகிரிதான் இடைவெளி. கோபுரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பிரிப்பது கடினம். மஞ்சள் நிறத்துக்கு முக்கியக் காரணமும் அதுவே. விட்டுவிட்டால் வெள்ளை நிறமியின் வெண்மை கெடும்; உலோகமானால் அதில் வேண்டாத வனேடியம் கலக்கும். இதற்கு வேதியியலர்கள் கண்ட வழி அழகானது. கொதிநிலையோடு போராடாமல் வனேடியத்தின் இயல்பையே மாற்றிவிடுகிறார்கள். செம்புத் துருவலோ தாது எண்ணெயோ ஹைட்ரஜன் சல்பைடோ சேர்த்துச் சூடாக்கினால் வனேடியத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஐந்திலிருந்து குறைந்து, ஆவியாகாத திடப்பொருளாகி அடியில் தங்கிவிடுகிறது. டைட்டானியம் அசைவதில்லை. அதன்பிறகு வடித்தால் தண்ணீரைப் போல நிறமற்ற நீர்மம் கிடைக்கிறது. ஆய்வகத்தில் கைப்பிடி செம்புத் துருவலைப் போட்டுச் சூடாக்கும்போது மஞ்சள் நிறம் கண்ணெதிரே மறைவதைப் பார்த்தவர்களுக்கு ஆக்சிஜனேற்ற எண் என்பது வெறும் தேர்வுக் கணக்காகத் தோன்றாது.

தூய டைட்டானியம் டெட்ராகுளோரைடு, தண்ணீரைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கனமானது. கழித்தல் 24 டிகிரியில்தான் உறையும். உலோகக் குளோரைடு என்றதும் சமையல் உப்பை நினைப்பவர்களுக்கு இது வியப்பளிக்கும். சோடியம் குளோரைடு 801 டிகிரியில் உருகுகிறது. இதுவோ அறை வெப்பத்தில் ஓடுகிறது. காரணம் அமைப்பில் இருக்கிறது. நான்கு நேர்மின்சுமை கொண்ட தனி அயனியாக டைட்டானியம் நிற்பதில்லை. குளோரின் அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சகப்பிணைப்பு கொள்கிறது. நான்கு குளோரினும் நான்முகியின் நான்கு முனைகளில் சீராக அமர்வதால் மூலக்கூறுக்கு முனைவுத்தன்மையும் இல்லை. ஒரு மூலக்கூறை மற்றொன்றோடு பிடித்துவைக்க வலுவான விசை ஏதுமில்லை. ஆகவே எளிதில் உருகுகிறது, எளிதில் கொதிக்கிறது.

கார்பன் டெட்ராகுளோரைடும் இதே வடிவம்தான். ஆனால் அதைத் தண்ணீரில் ஊற்றினால் அடியில் தனி அடுக்காக நிற்கும், வேறொன்றும் நடக்காது. டைட்டானியம் டெட்ராகுளோரைடு புட்டியைத் திறந்த மாத்திரத்தில் வெண்புகை எழும். கார்பன் அணு சிறியது. தண்ணீர் மூலக்கூறு வந்து ஒட்ட அதில் காலி இடமில்லை. டைட்டானியம் பெரியது, அதன் டி ஆர்பிட்டால்கள் காலியாக உள்ளன. நான்கு குளோரினோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து ஆறு பேரைத் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தண்ணீர் அந்த வாசல் வழியே நுழைந்து குளோரினை வெளியே தள்ளுகிறது. முடிவில் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளும் ஹைட்ரஜன் குளோரைடும் மிஞ்சுகின்றன. ஒரு கிலோ நீர்மம் முழுவதும் இப்படிச் சிதைந்தால் சுமார் 770 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும் என்பது எளிய கணக்கு. கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துப் புண்ணாக்கும் வாயு அது. கசிவின் மேல் யாரோ பதற்றத்தில் தண்ணீரை வாரி ஊற்றினால் நிலைமை மோசமாகும். ஆலைகளில் பயிற்சி பெற்றவர்கள் முதலில் கற்பது இதைத்தான்.

இந்தப் புகையை மனிதர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தியதும் உண்டு. போர்களில் கப்பல்களையும் படைகளையும் மறைக்கப் புகைத்திரையாக விமானங்களிலிருந்து தெளித்தார்கள். அறைகளின் காற்றோட்டத்தைச் சோதிக்கும் சிறு கண்ணாடிக் குழாய்களில், சுரங்கங்களிலும் ஆய்வகங்களிலும், இதே சேர்மம் அடைக்கப்பட்டிருந்தது. முனையை உடைத்தால் புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காற்று ஓடுகிறது.

டைட்டானியத்தின் மற்ற ஹாலைடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். டெட்ராஃபுளோரைடு வெண்மையான திடப்பொருள். அதில் ஃபுளோரின் அணுக்கள் பாலமாகி டைட்டானியங்களைச் சங்கிலியாக இணைப்பதால் 284 டிகிரி வரை சூடாக்கினால்தான் பதங்கமாகும். குளோரைடு நிறமற்ற நீர்மம். புரோமைடு ஆரஞ்சு மஞ்சள், 39 டிகிரியில் உருகும். அயோடைடு அடர் பழுப்பு. டைட்டானியத்திடம் டி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாத நிலையில் இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? ஹாலைடின் எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கொண்டு டைட்டானியத்துக்குத் தாவுவதால் வருகிறது. குளோரின் தன் எலக்ட்ரானை இறுகப் பிடித்திருப்பதால் தாவ வைக்கப் புறஊதாக் கதிர் வேண்டும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அயோடினுக்குப் பிடி தளர்வு; கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் வான் ஆர்கலும் தெ போரும் 1925இல் இந்தத் தளர்வைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அயோடைடு ஆவியைப் பழுக்கக் காய்ந்த இழையின் மேல் செலுத்த, அது சிதைந்து மிகத் தூய டைட்டானியம் இழைமேல் படிந்தது. அழகான முறை, ஆனால் விலை அதிகம்.

ஒரு குளோரினை மட்டும் நீக்கினால் கிடைப்பது ஊதா நிற டைட்டானியம் டிரைகுளோரைடு. அதில் ஒரே ஒரு டி எலக்ட்ரான். தண்ணீரில் கரைத்தால் 500 நானோமீட்டர் பக்கத்து ஒளியை விழுங்கி ஊதாவாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அணைவுச் சேர்மங்களின் நிறத்தைக் கற்பதே இந்த எடுத்துக்காட்டில்தான். ஆனால் பாடப்புத்தகத்தைவிடப் பெரிய வேலை அதற்கு உண்டு.

1953இல் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் கார்ல் ஸீக்லரின் ஆய்வகத்தில் அலுமினியம் கரிமச் சேர்மங்களால் எத்திலீனை நீளச் சங்கிலியாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருமுறை சங்கிலி வளராமல் இரண்டே கண்ணியில் நின்றுவிட்டது. பாத்திரத்தில் ஒட்டியிருந்த துளி நிக்கல்தான் காரணம் என்று தேடிப் பிடித்தார்கள். ஒரு உலோகம் வளர்ச்சியை நிறுத்தினால் இன்னொன்று வளர்க்கவும் கூடுமே என்று இடைநிலை உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மாணவர் ஹைன்ஸ் பிரைல் சிர்கோனியத்தில் வெற்றி கண்டார். டைட்டானியம் டெட்ராகுளோரைடு அதையும் மிஞ்சியது. அதுவரை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டியிருந்த பாலிஎத்திலீன், சாதாரண அழுத்தத்தில் கண்ணாடிச் சாடியில் உருவானது. அலுமினியச் சேர்மம் டெட்ராகுளோரைடை ஒடுக்கி உருவாக்கும் தாழ்ந்த குளோரைடின் பரப்பில்தான் சங்கிலி வளர்கிறது. மறு ஆண்டு மிலானில் ஜூலியோ நட்டா இதே வகை வினையூக்கியால் புரொப்பிலீனை ஒழுங்கான சங்கிலியாக்கினார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு. தமிழ்நாட்டு வீடுகளில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் சிமென்ட் மூட்டைச் சாக்குக்கும் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான்.

உலோகத்தின் கதை இன்னும் நீண்டது. 1910இல் அமெரிக்காவில் மாத்யூ ஹன்டர் டெட்ராகுளோரைடையும் சோடியத்தையும் இரும்புக் கலத்தில் அடைத்துச் சூடாக்கி, ஏறத்தாழத் தூய டைட்டானியத்தை முதன்முதலில் எடுத்தார். பிறகு பல ஆண்டுகள் அது ஆய்வகத்தைத் தாண்டவில்லை. லக்சம்பர்க்கில் தன் வீட்டிலேயே ஆய்வகம் வைத்திருந்த வில்லியம் க்ரோல் 1930களில் சோடியத்துக்குப் பதில் முதலில் கால்சியத்தையும் பிறகு மெக்னீசியத்தையும் பயன்படுத்தினார். போர் நெருங்கியபோது அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1940இல் கிடைத்த அவரது காப்புரிமையை எதிரி நாட்டாரின் சொத்து என்று அமெரிக்க அரசு கையகப்படுத்திக்கொண்டது. அதை மீட்க அவர் நெடுங்காலம் போராடினார். 1948இல் டூபான்ட் நிறுவனம் இதே முறையில் உலோகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

க்ரோல் முறையில் எஃகுக் கலத்தில் மெக்னீசியத்தை வைத்து, உள்ளே ஆர்கானை நிரப்பி, 800 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். மேலிருந்து டெட்ராகுளோரைடு மெல்ல இறங்குகிறது. குளோரின் மெக்னீசியத்தோடு போய்விட, டைட்டானியம் துளைகள் நிறைந்த சாம்பல் நிறக் கட்டியாகப் படிகிறது. ஒரு கிலோ உலோகத்துக்கு நான்கு கிலோ டெட்ராகுளோரைடும் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான மெக்னீசியமும் வேண்டும். கட்டிக்குள் சிக்கிய மெக்னீசியத்தையும் அதன் குளோரைடையும் வெற்றிடத்தில் ஆவியாக்கி இழுக்க நாள்கணக்கில் ஆகும். பிறகு கலத்தைத் திறந்து, கட்டியைப் பெயர்த்து, வெட்டி நொறுக்க வேண்டும். அடுத்த தொகுதிக்கு எல்லாம் மறுபடி தொடக்கத்திலிருந்து. டைட்டானியம் ஏன் விலை குறையவில்லை என்பதற்கு மணலின் விலையில் விடை தேடுவது வீண்; விடை இந்தக் கலத்தில் இருக்கிறது.

இந்த உலோகத்தைச் சவராவிலேயே எடுக்க ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் தொழில்நுட்பம் தந்தது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பணம் தந்தது. ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலை 2011இல் தொடங்கிவைக்கப்பட்டது. இஸ்ரோ ராக்கெட்டுகளிலும் செயற்கைக்கோள்களிலும் எரிபொருள் தொட்டிகளுக்கும் உயரழுத்த வாயுக் கலன்களுக்கும் டைட்டானியக் கலவை தேவை. கடற்கரையில் மணல், அங்கேயே குளோரினேற்றம், அதே வளாகத்தில் உலோகம் என்ற அமைப்பு உலகில் அதிகம் இல்லை. ஆனாலும் டெட்ராகுளோரைடின் பெரும்பகுதி, இங்கும் எங்கும், உலோகமாவதில்லை. ஆக்சிஜனில் எரிக்கப்பட்டு மீண்டும் டைட்டானியம் டை ஆக்சைடாகிறது. குளோரின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்தது போலத் தோன்றினாலும், வந்து சேர்ந்தது அழுக்கு நீங்கிய, துகள் அளவு ஒழுங்கான, வைரத்தைவிட அதிக ஒளிவிலகல் எண் கொண்ட வெள்ளைத் தூள். சுவர் பெயின்டும் பற்பசையும் காகிதமும் அதனால் வெளுக்கின்றன.

இதன் விலையைக் கடற்கரையும் கொடுக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சவராவுக்கு வடக்கே ஆலப்பாடு கிராமத்தார், மணல் எடுப்பதால் தங்கள் நிலம் கடலுக்குள் போகிறது என்று 2018–19இல் போராடினார்கள். தமிழ்நாட்டில் தனியார் தாதுமணல் அள்ளுவதை அரசு 2013இல் நிறுத்திவைத்தது. இல்மனைட்டிலிருந்து பிரித்த இரும்பு செந்நிறக் கழிவாகக் குவிவதும் தீராத சிக்கல். குளோரைடு முறை, கந்தக அமிலத்தைப் பெருமளவு கழிவாக்கும் பழைய சல்ஃபேட் முறையைவிடத் தூய்மையானதுதான். ஆனால் அந்தத் தூய்மை உலையின் வாசலில் தொடங்குகிறது. மணல் அள்ளும் இடத்தில் அல்ல. வேதியியல் பாடத்தில் சமன்பாட்டை எழுதும்போது இந்த மணலும் கழிவும் சேர்ந்து கற்பிக்கப்பட வேண்டும்.

டெட்ராகுளோரைடே இல்லாமல் உலோகத்தை எடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சென், டெரெக் ஃப்ரே, டாம் ஃபார்திங் மூவரும் உருகிய கால்சியம் குளோரைடுக்குள் டைட்டானியம் டை ஆக்சைடை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தி, ஆக்சிஜனை நேரே வெளியேற்றும் முறையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். குளோரின் வாயு வேண்டாம், காய்ச்சி வடிக்க வேண்டாம், மெக்னீசியம் வேண்டாம். ஆனால் காய்ச்சி வடிக்கும் அந்த நடுப்படி இல்லாதபோது, ஆக்சைடில் இருக்கும் இரும்பும் சிலிக்கனும் வனேடியமும் உலோகத்தோடேயே தங்கிவிடுகின்றன. ஆகவே மிகத் தூய ஆக்சைடில் தொடங்க வேண்டும். அத்தகைய ஆக்சைடு பெரும்பாலும் டெட்ராகுளோரைடு வழியாகவே செய்யப்படுகிறது. உலகின் டைட்டானியம் இன்றும் பெரும்பாலும் க்ரோலின் கலத்திலிருந்தே வருகிறது.